வட்டுகளைப் பழுதுக்குழுக்களாகப் பிரித்தல்: தரவுத்தளம் பராமரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கங்களிலும் அலுவலகத் தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்கள் சில ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் கூறிவரும் விடைகளையும் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் ஆரக்கிள் தரவுத்தளத்தின் வட்டு முகாமைப் பகுதியான ஏ.எஸ்.எம். பற்றியவை. அது 10ஜி பதிப்புடன் வந்தது. வேறு மென்பொருள் பயன்படுத்துவோருக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் அவர்களுக்குரிய விடையும் ஓரிடத்தில் உண்டு.

பழுதுக்குழு என்றால் என்ன?

ஒரே காரணத்தால் ஒன்றாகச் செயலிழக்கக்கூடிய வட்டுகளின் கூட்டமே பழுதுக்குழு. ஆரக்கிள் இதனை ஃபெயிலியர் குரூப் என்று அழைக்கிறது. தரவுத்தளம் பயன்படுத்தும் வட்டுகள் அனைத்தும் சேர்ந்தது வட்டுத்தொகுதி, அதாவது டிஸ்க் குரூப். அந்தத் தொகுதிக்குள்ளே, ஒரே பெட்டியில் இருப்பவை, ஒரே மின்வழியில் இயங்குபவை, ஒரே கட்டுப்பாட்டு அட்டையில் பொருத்தப்பட்டவை என்று நாம் வகுக்கும் உட்பிரிவே பழுதுக்குழு. தரவின் ஒரு பிரதி எந்தக் குழுவில் இருக்கிறதோ, அதன் மறுபிரதியை ஏ.எஸ்.எம். அந்தக் குழுவில் வைக்காது. அது தரும் உறுதி இவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இதை விளக்க மட்டக்களப்பு வாவியே போதும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. விதைநெல்லை இரண்டு மூடைகளாகப் பிரித்து, ஒரே கரையில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வைத்தவரிடம் மூடை இரண்டு இருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் வெள்ளம் ஏறினால் இரண்டும் ஒன்றாகவே நனையும். கரைக்கு ஒரு மூடை வைத்தவருக்கே விதைப்புக் காலத்தில் ஒன்றாவது மிஞ்சும். பாதுகாப்பைத் தீர்மானிப்பது மூடைகளின் எண்ணிக்கை அன்று. அவை எந்த வெள்ளத்துக்குப் பொதுவாக ஆட்படுகின்றன என்பதே.

எங்களிடம் ரெய்டு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றல்லவா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு இருக்கும்படி அமைக்கும் முறையே ரெய்டு. ரெய்டு என்ற பெயரையும் வகைகளையும் 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். ரெய்டு 1இல் ஒரு வட்டு இன்னொரு வட்டின் முழுப் பிரதியாக இருக்கும். ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பையும், ரெய்டு 6 இரண்டு வட்டுகளின் இழப்பையும் தாங்கும். இவை எல்லாம் பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள், ஒரு கட்டுப்பாட்டு அட்டைக்குக் கீழே நடப்பவை; பெட்டியே நின்றுவிட்டால் உள்ளேயிருக்கும் கணக்கு எதுவும் உதவாது.

ஏ.எஸ்.எம். வட்டுக்கு வட்டு பிரதி எடுப்பதில்லை. கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே பிரதி வைக்கிறது. ஒரு வட்டிலுள்ள துண்டுகளின் மறுபிரதிகள் எதிர்க்குழுவின் பல வட்டுகளில் பரவிக் கிடக்கும். ஆகவே ஒரு வட்டு போனால் அதன் வேலையைப் பல வட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. தரவை வாசிக்கும்போது ஒரு துண்டு பழுதென்று தெரிந்தால், மறுபிரதியிலிருந்து வாசித்துப் பழுதான இடத்தில் திரும்ப எழுதிவிடவும் அதனால் முடியும்.

நாங்கள் எந்தக் குழுவையும் குறிப்பிடாவிட்டால் என்ன நடக்கும்?

இக்கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பான்மை இங்கேதான் பிறந்தவை. குழுக்களைக் குறிப்பிடாமல் வட்டுத்தொகுதியை உருவாக்கினால், ஏ.எஸ்.எம். ஒவ்வொரு வட்டையும் ஒரு தனிப் பழுதுக்குழுவாக எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது, தொகுதியும் நன்றாக இயங்கும், இரண்டு பிரதிகளும் இருக்கும். ஒரு வட்டு பழுதடைந்தால் தரவுத்தளம் தொடர்ந்து ஓடும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியென்று நாம் நம்பிவிடுவோம்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். பெட்டிக்கு 6 வட்டுகளாக இரண்டு பெட்டிகளில் 12 வட்டுகள் உள்ளன என்று வையுங்கள். ஏ.எஸ்.எம். ஒவ்வொரு வட்டுக்கும் சில பங்காளி வட்டுகளைத் தெரிவுசெய்து, அந்த வட்டிலுள்ள துண்டுகளின் மறுபிரதிகளை அந்தப் பங்காளிகளிடம் மட்டுமே வைக்கும். 11.2 பதிப்பு முதல் வழமையான பங்காளி எண்ணிக்கை 8. ஒரு வட்டுக்கு எதிர்ப்பெட்டியில் இருப்பவையோ 6 வட்டுகள். ஆகவே 8 பங்காளிகளைத் தெரிவுசெய்தால், எப்படித் தெரிவுசெய்தாலும், குறைந்தது 2 பங்காளிகள் அதே பெட்டிக்குள்ளேதான் இருக்க வேண்டும். அதாவது தரவின் ஒரு பகுதிக்கு இரண்டு பிரதிகளும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. அந்தப் பெட்டி நின்றால் வட்டுத்தொகுதி முழுவதும் இறங்கிவிடும். மற்றப் பெட்டி முழு நலத்தோடு ஓடிக்கொண்டிருந்தாலும் தரவுத்தளம் நின்றுவிடும்.

உருவாக்கும்போதே முதற்பெட்டியின் 6 வட்டுகளை ஒரு குழுவாகவும் இரண்டாம் பெட்டியின் 6 வட்டுகளை மற்றொரு குழுவாகவும் பெயரிட்டு எழுதியிருந்தால், எல்லாப் பங்காளிகளும் எதிர்ப்பெட்டியில்தான் அமைவார்கள். கட்டளையில் இரண்டே வரிகள் கூடும், செலவு ஒரு சதமும் இல்லை.

குழுவின் எல்லையை எப்படித் தீர்மானிப்பது?

கையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குள் போங்கள். ஒவ்வொரு வட்டிலிருந்தும் பின்னோக்கி நடந்து பாருங்கள்: வட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது, பெட்டியின் கம்பி எந்த அட்டைக்குப் போகிறது, பெட்டியின் மின்வடம் எந்தப் பலகையில் செருகப்பட்டிருக்கிறது, அந்தப் பலகை எந்த யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறது, அந்த யூ.பி.எஸ். எந்த மின்வழியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், இரண்டு பாதைகள் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பது தெரியும். அவை ஒன்றுசேரும் இடமே உங்கள் பொதுப் பலவீனம். அதற்கு முந்திய இடம்வரைதான் உங்கள் குழுக்கள் உண்மையில் தனித்தனியானவை.

இதை நான் பட்டு அறிந்தேன். நான் முன்பு வேலைசெய்த ஓர் இடத்தில் இரண்டு வட்டுப்பெட்டிகளை இரண்டு பழுதுக்குழுக்களாக ஒழுங்காகப் பிரித்திருந்தோம். ஒரு நாள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு பெட்டிகளிலும் மின்வாங்கிகள் இவ்விரண்டு இருந்தன. ஆனால் நான்கு வடங்களும் மேசைக்கடியில் இருந்த ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தன. அந்தப் பலகையின் ஆளி நின்றதும் எல்லாம் நின்றன. வட்டுகள் பழுதடையாததால், மின்சாரம் வந்தபின் தொகுதியை மறுபடி ஏற்றித் தரவு முழுவதையும் பெற்றோம். ஆனாலும் அந்த அரை நாளில் வரிசையில் நின்று திரும்பிப் போனவர்களை நான் மறக்கவில்லை. கட்டளையில் எழுதிய எல்லை ஓரிடத்திலும் மின்வடத்தின் எல்லை வேறிடத்திலும் இருந்தது. அந்தப் பலகையைப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு, பார்க்கவில்லை.

மின்சாரத்தை நம் நாட்டில் முதலிடத்தில் வைத்தே எண்ண வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அப்போது யூ.பி.எஸ். மின்கலங்கள் திரும்ப மின்னேறவே நேரம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்தது வெப்பம்: அறையில் குளிரூட்டி ஒன்றே இருந்தால், அது நின்ற நாளில் அந்த அறையிலுள்ள எல்லா வட்டுகளும் ஒரே குழுதான். நமது கரையோரத்து உப்புக்காற்று தொடுமுனைகளை அரிப்பதும் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ஒன்று. வெள்ளத்தையும் கடலையும் நினைவூட்டத் தேவையில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் இந்தக் கரைக்குச் சொல்லிக்கொடுத்தவை பல. கீழ்த்தளத்தில் அருகருகே நிற்கும் இரண்டு இறாக்கைகள், நீர் உள்ளே வரும்போது ஒரே இறாக்கைதான்.

பலர் எண்ணிப் பார்க்காத பொதுக்காரணம் வட்டின் உள்ளிருக்கும் மென்பொருள். எச்.பி.இ. நிறுவனம் 2019 நவம்பரில் ஓர் அறிவித்தல் விடுத்தது: அதன் திண்மநிலை வட்டுகளில் குறிப்பிட்ட சில வகைகள், மென்பொருள் இற்றைப்படுத்தப்படாவிட்டால், 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும், அவற்றிலுள்ள தரவையும் மீட்க முடியாது. 32,768 மணி என்பது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் இயக்கிய வட்டுகளைக் கொண்ட இரண்டு குழுக்கள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி வேறு, மின்சாரம் வேறு, அறை வேறு. ஆனால் பிறந்த நாள் ஒன்று. ஆகவே இயன்றால் இரண்டு குழுக்களுக்கும் வெவ்வேறு தயாரிப்புத் தொகுப்பிலிருந்து வட்டுகளை வாங்குங்கள். ஒரே தொகுப்புத்தான் கிடைக்கிறது என்றால், ஒரு குழுவைச் சில கிழமைகள் முன்னதாக இயக்கத் தொடங்குங்கள். மென்பொருள் இற்றைப்படுத்தலையும் ஒரே இரவில் இரண்டு குழுக்களுக்கும் செய்யாதீர்கள்.

இரண்டு குழுக்கள் போதுமா, மூன்று வேண்டுமா?

இருபிரதி முறைக்குக் குறைந்தது 2 பழுதுக்குழுக்களும் முப்பிரதி முறைக்குக் குறைந்தது 3 பழுதுக்குழுக்களும் தேவை. இது குறைந்தபட்சம் மட்டுமே. இரண்டே குழுக்கள் இருக்கும்போது ஒன்று முழுதாகப் போய்விட்டால், எஞ்சிய குழுவில் ஒற்றைப் பிரதியோடு நாட்களைக் கழிக்க வேண்டும். மறுபிரதியை வைக்க வேறு குழு இல்லை. மூன்று குழுக்கள் இருந்தால், ஒன்று போனாலும் மற்ற இரண்டுக்குமிடையே ஏ.எஸ்.எம். பிரதிகளைத் திரும்பக் கட்டியெழுப்பும், ஆனால் அதற்கு வெற்றிடம் இருக்க வேண்டும்.

வெற்றிடக் கணக்கைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். குழுவுக்கு 8 டெராபைட் வீதம் மூன்று குழுக்கள், மொத்தம் 24 என்று கொள்வோம். 5 டெராபைட் அளவுள்ள கோப்புகள் இருபிரதியாக 10 டெராபைட்டை நிரப்பியிருக்கின்றன. எஞ்சியது 14. இதை இரண்டால் வகுத்து இன்னும் 7 டெராபைட் எழுதலாம் என்று சொல்வது பிழை. ஒரு குழு போனால் அதைத் திரும்பக் கட்ட 8 டெராபைட் ஒதுக்கி வைக்க வேண்டும். 14இலிருந்து 8ஐக் கழித்து, மீதி 6ஐ இரண்டால் வகுத்தால் 3. பாதுகாப்பாக எழுதக்கூடியது 3 டெராபைட் மட்டுமே. ஏ.எஸ்.எம். தன் தொகுதி அட்டவணையில் பயன்படுத்தக்கூடிய அளவு என்று காட்டும் எண்ணும் இப்படிக் கணித்ததே.

அந்த எண் பூச்சியத்துக்குக் கீழேயும் போகும். கோப்புகள் 9 டெராபைட்டாக வளர்ந்துவிட்டால் நிரம்பியது 18, எஞ்சியது 6, விடை கழித்தல் ஒன்று. அப்போதும் தரவுத்தளம் மறுக்காமல் எழுதிக்கொண்டுதான் இருக்கும், பயனாளர்களும் எதையும் உணர மாட்டார்கள். ஆனால் அந்த நிலையில் ஒரு குழு போனால் எஞ்சுவது 16 டெராபைட் இடம், தேவையோ 18. எல்லாத் துண்டுகளுக்கும் இரண்டாம் பிரதி கிடைக்காது. இந்த எண்ணைக் கிழமைக்கு ஒரு முறையாவது பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முப்பிரதியின் தேவையை வேறொரு கணக்குக் காட்டும். ஒரு 8 டெராபைட் வட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் முழுதாக எழுத ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அதன் பங்காளிகளிடம் உள்ளது ஒற்றைப் பிரதி. மருத்துவப் பதிவு, சம்பளப் பதிவு, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அந்த 15 மணி நேரத்தை ஒற்றைப் பிரதியில் கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவற்றுக்கு முப்பிரதியே தகும்.

குழுக்கள் சம அளவாக இருக்க வேண்டுமா?

ஆம். 8 டெராபைட் குழுவோடு 2 டெராபைட் குழுவை இருபிரதியில் இணைத்தால், 2 டெராபைட் தரவுக்கு மேல் வைக்க முடியாது. பெரிய குழுவின் 6 டெராபைட் வீணாகும். வட்டுகளின் எண்ணிக்கையும் அளவும் குழுக்களிடையே ஒத்திருக்கட்டும்.

இரண்டு வட்டுகள் ஒரே நேரத்தில் போனால் தரவு போய்விடுமா?

எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. ஒரே குழுவுக்குள் இரண்டோ ஐந்தோ போனாலும், ஏன், குழு முழுவதுமே போனாலும், இருபிரதி முறையில் தரவு இருக்கும். வெவ்வேறு குழுக்களில் ஒவ்வொன்று போய், அவை ஒன்றுக்கொன்று பங்காளிகளாகவும் இருந்தால், தொகுதி இறங்கிவிடும். மின்சாரமோ கம்பியோ காரணமென்றால் அதைச் சரிசெய்து திரும்ப ஏற்றலாம். வட்டுகளே எரிந்துபோயிருந்தால் காப்புப்பிரதியைத்தான் நாட வேண்டும்.

பெட்டி சற்று நேரம் நின்று திரும்பினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் ஒரு கால எல்லை இருக்கிறது, அதை நீங்களே அமைக்க வேண்டும். 11.1 பதிப்பு முதல், எட்டாமற்போன வட்டை ஏ.எஸ்.எம். உடனே நீக்காமல் சிறிது காலம் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் மாறிய துண்டுகளை மட்டும் குறித்துவைத்து, வட்டு திரும்பியதும் அவற்றை மட்டும் எழுதி நேராக்குகிறது. அந்தக் காத்திருப்புக் காலம் அப்பதிப்பில் இயல்பாக 3.6 மணி, அதாவது 3 மணி 36 நிமிடம். 12.1 பதிப்பிலிருந்து முழுக் குழுவும் ஒன்றாக நிற்கும்போது பொருந்தும் தனிக் கால எல்லையும் உண்டு. அது இயல்பாக 24 மணி. எல்லை கடந்தால் வட்டுகள் தொகுதியிலிருந்து நீக்கப்பட்டு, மறுபங்கீடு, அதாவது துண்டுகளை எஞ்சிய வட்டுகளிடையே திரும்பப் பரப்பும் வேலை, தொடங்கும். பிறகு பெட்டி திரும்பினாலும் புதிய வட்டுகளைச் சேர்ப்பதுபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

3.6 மணி என்பது உதிரிப்பாகக் கடை பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்குப் பொருந்தலாம். நமக்கு ஒரு மின்வாங்கியோ கட்டுப்பாட்டு அட்டையோ கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வர வேண்டும்; வெள்ளிக்கிழமை பின்னேரம் பழுதானால் திங்கட்கிழமை வரை ஆகும். ஆகவே தனிவட்டுக்கும் முழுக் குழுவுக்கும் எல்லைகளை உங்கள் இடத்தின் உண்மையான திருத்த நேரத்துக்கேற்ப உயர்த்துங்கள். இரண்டே குழுக்கள் உள்ள இடத்தில் 72 மணி வரை வைப்பதில் நான் தயங்குவதில்லை, ஏனெனில் குழு முழுதாக நின்றால் அவசரமாக நீக்குவதால் அங்கே எந்தப் பயனும் இல்லை. மறுபிரதிக்கு வேறு குழு கிடையாது. மூன்று குழுக்களும் போதிய வெற்றிடமும் உள்ள இடத்தில் அவ்வளவு நீட்ட வேண்டாம். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் துண்டுகள் ஒரு பிரதி குறைந்தே கிடக்கின்றன.

கிளஸ்டரில் மூன்றாவதாக ஒரு சிறு குழு வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பல சேவர்கள் சேர்ந்து ஒரே தரவுத்தளத்தை இயக்கும்போது, எந்தச் சேவர் உயிரோடு இருக்கிறது என்பதைத் தீர்மானிக்க வாக்குக் கோப்புகள் உள்ளன. இருபிரதித் தொகுதியில் அவை 3, முப்பிரதியில் 5, ஒவ்வொன்றும் தனிப் பழுதுக்குழுவில். பாதிக்கு மேற்பட்ட வாக்குக் கோப்புகளை எட்ட முடியாத சேவர் கிளஸ்டரிலிருந்து வெளியேற்றப்படும். இரண்டே பெட்டிகள் இருக்கும்போது மூன்று வாக்குகளை எப்படிப் பிரித்தாலும் ஒரு பெட்டியில் இரண்டு அமையும். அந்தப் பெட்டி நின்றால் பெரும்பான்மை போய்விடும். ஆகவே மூன்றாவது வாக்கை இரண்டோடும் சேராத மூன்றாம் இடத்தில் வைக்கவேண்டும். 11.2 பதிப்பு முதல் இதற்கென்றே தரவு வைக்காத வாக்குக்குழு ஒன்றை அமைக்கலாம். அதற்குச் சிறிய இடம் போதும், வலையமைப்பு வழியாகப் பகிரப்பட்ட கோப்பாகவும் இருக்கலாம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வழக்கு வந்தால் தீர்ப்பவர் இரண்டு கரைக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் என்பதைப் போன்றது இது. வாக்குக் கோப்பைக் கொண்ட மூன்றாவது கணினியை முதற்பெட்டியின் அதே யூ.பி.எஸ்.ஸில் செருகிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு குழுவை வாவிக்கு அப்பால் வைக்கலாமா? கொழும்பில் வைக்கலாமா?

வாவிக்கு அப்பால் வைக்கலாம். ஒளியிழையில் ஒளி ஒரு கிலோமீற்றரைக் கடக்க 5 மைக்ரோநொடி எடுக்கிறது. பட்டினத்துக்கும் வவுணதீவுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பாதையைக் கவனியுங்கள். பட்டினத்துக்கும் கல்லடிக்கும் இடையே இரண்டு இழைகள் இழுத்துவிட்டு இரண்டையும் கல்லடிப் பாலத்தின் ஒரே பக்கத்தில் கொண்டுபோனால், அந்த இரண்டும் ஒன்றே. படுவான்கரைக்கு என்றால் ஒன்று வலையிறவுப் பாலத்தாலும் மற்றொன்று மண்முனைப் பாலத்தாலும் போகட்டும்.

கொழும்பு வேறு கதை. தெருவழியே 300 கிலோமீற்றருக்கும் மேல். ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 3 மில்லிநொடி, இடையிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. இருபிரதி முறையில் இரண்டு இடத்திலும் எழுதி முடிந்தபிறகே எழுத்து முடிந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே ஒவ்வொரு பதிவும் அந்தத் தாமதத்தைச் சுமக்கும். அவ்வளவு தொலைவுக்குப் பழுதுக்குழு ஏற்றதல்ல. அங்கே தனியான ஒரு துணைத் தரவுத்தளத்தை நிறுவி, டேட்டா கார்ட் போன்ற முறையால் மாற்றங்களைச் சற்றுப் பின்தங்கி அனுப்பிவைப்பதே முறை.

எங்கள் சேமிப்புப் பெட்டியே நல்ல ரெய்டு செய்கிறது. ஏ.எஸ்.எம். பிரதி எடுக்காமல் விடலாமா?

ஒரே பெட்டிதான் உண்டு என்றால் விடலாம். அதற்கு வெளிப்பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. பெட்டிகள் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் உள்ளே ரெய்டு 5 அல்லது 6 இருக்கட்டும், பெட்டிகளுக்கிடையே ஏ.எஸ்.எம். இருபிரதி இருக்கட்டும். வட்டின் பழுதைப் பெட்டி தாங்கும், பெட்டியின் பழுதை ஏ.எஸ்.எம். தாங்கும். இந்தத் தெரிவைத் தொடக்கத்திலேயே செய்யுங்கள். இருபிரதித் தொகுதியைப் பின்னர் முப்பிரதித் தொகுதியாக நேரடியாக மாற்ற முடியாது; 12.2 பதிப்பில் வந்த ஃப்ளெக்ஸ் வகைக்கு மாற்றிக்கொள்ளும் வழி மட்டும் உண்டு.

நாங்கள் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறோம். இவையெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

கருத்து பொருந்தும், கருவிதான் மாறும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டும் வட்டுப் பிரதியைத் தாமே பார்ப்பதில்லை. கோப்பு முறைமையிடம் விட்டுவிடும். சிறிய அலுவலகத்துக்கு இசட்.எஃப்.எஸ். நல்ல தெரிவு. அதில் வட்டுகளை இணைகளாகப் பிணைக்கும்போது, ஒவ்வோர் இணையிலும் ஒரு வட்டு முதற்பெட்டியிலும் மற்றது இரண்டாம் பெட்டியிலும் இருக்கும்படி நீங்களே பார்த்துப் பிணைக்க வேண்டும். ஓர் இணை முழுதாகப் போனால் சேமிப்பு முழுவதுமே போய்விடும். சேவர்கள் பல உள்ள இடங்களில் பயன்படும் செஃப் என்னும் சேமிப்பு மென்பொருள், பிரதிகளைச் சேவர் வாரியாகப் பிரிப்பதா இறாக்கை வாரியாகப் பிரிப்பதா என்று உங்களிடமே கேட்கும். ஹடூப்பின் கோப்பு முறைமையும் இறாக்கை விவரத்தைச் சொன்னால் மூன்று பிரதிகளையும் ஒரே இறாக்கையில் வைக்காது; சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே இறாக்கை என்றே நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தபின் காப்புப்பிரதி தேவையா?

தேவை. யாரோ ஓர் அட்டவணையைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் அதே நொடியில் எல்லாப் பிரதிகளிலும் எழுதப்படும்.

சரியாக அமைத்திருக்கிறோமா என்று எப்படி உறுதிசெய்வது?

தரவுத்தளத்தைப் பயனாளர்களிடம் ஒப்படைக்கும் முன், ஒரு பழுதுக்குழுவின் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். கட்டளையால் குழுவை இறக்குவது முதற்சோதனை. அது கட்டமைப்பு சரியா என்று மட்டுமே காட்டும். வடத்தைக் கழற்றுவதே உண்மைச் சோதனை, ஏனெனில் என் கதையில் வந்த நீட்டிப்புப் பலகை போன்றவற்றை அதுதான் வெளிக்கொணரும். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கிறதா, புதிய பதிவுகள் ஏறுகின்றனவா, மின்சாரம் திரும்பியதும் மாறிய துண்டுகள் மட்டும் எழுதப்பட்டு நேராகின்றனவா என்பதைப் பார்த்து, எடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பிறகு மற்றக் குழுவுக்கும் அதே சோதனை. ஒரு குழுவை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

பழுதான வட்டை மாற்றினேன். புதியது தானாகவே பழைய குழுவில் சேர்ந்துவிடுமா?

எப்படிச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 12.1 பதிப்பில் வந்த மாற்றுக் கட்டளையால் வட்டை மாற்றியிருந்தால் அது பழைய குழுவிலேயே அமரும். சாதாரணமாகச் சேர்க்கும் கட்டளையில் குழுப் பெயரை எழுத மறந்திருந்தால், புதிய வட்டு தன் பெயரில் ஒரு தனிக் குழுவாகிவிடும். அதோடு, அதே பெட்டிக்குள்ளிருக்கும் பழைய வட்டுகளோடு அது பங்காளியாகவும் கூடும். முதல்நாள் எவ்வளவு கவனமாக அமைத்திருந்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் இப்படித்தான் எல்லைகள் கலைந்துபோகின்றன. வட்டுகளின் பட்டியலை எடுத்துக் குழுவின் பெயரைப் பாருங்கள். வட்டின் பெயரும் குழுவின் பெயரும் ஒன்றாக இருந்தால் இந்தப் பிழை நடந்திருக்கிறது. குழுவின் பெயரை மட்டும் திருத்திவிட முடியாது. அந்த வட்டைத் தொகுதியிலிருந்து நீக்கி, மறுபங்கீடு முழுதாக முடியும்வரை காத்திருந்து, சரியான குழுப் பெயரோடு திரும்பச் சேர்க்க வேண்டும். பயனாளர்கள் குறைந்த ஓர் இரவைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள்.